மூன்றாம் ஞாயிற்று ஓலை

தேகு, தென் கொரியா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு, நான்சி எழுதுவது.

பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புகிறேன். சத்துணவுச் சமையல் முடிந்ததும் நிம்மதியாகப் படி. போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.

டியூஷன் சென்டரில் வேலை நடக்கிறது. நான்சி என்ற பெயரைக் கேட்டுப் பிள்ளையைச் சேர்த்த ஒரு தாய், கண்ணாடிக் கதவு வழியாக என் முகத்தைப் பார்த்ததும் வெள்ளைக்கார டீச்சர் இல்லையா என்று கேட்டாளாம். அதிலிருந்து எனக்கு ஜன்னல் இல்லாத உள்ளறை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆங்கிலப் பாடத்துக்கு நடுவே மேசையில் தலைவைத்துத் தூங்கிவிடுகிறார்கள். எழுப்ப மனம் வருவதில்லை; எழுப்பத்தான் சம்பளம்.

ஜனவரி கடைசியில் இவர்களுடைய புத்தாண்டு. அந்த விடுமுறைக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன் நான்சி


சவேரியார்பாளையம், மணலூர்பேட்டை வழி
28 அக்டோபர் 2024

அன்பு மகள் நான்சிக்கு, அம்மா லூசி ஆசீர்வதித்து எழுதுவது.

கரும்புக்கு ஆலையிலிருந்து இன்னும் வெட்டு உத்தரவு வரவில்லை. உன் அப்பாவின் அந்தக் கோபமும் என்மேல்தான்.

உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் மார்ட்டின், உரக்கடை வைத்திருக்கிறான், குடிப்பதில்லை. நீ வேலையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறார்கள். ஜனவரியில் நீ வரும்போது கல்யாணம். நவம்பர் கடைசி வாரம் தொடங்கி மூன்று ஞாயிறு கோயில் பூசையில் உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். சாமியார் என்னிடம், "பொண்ணுக்குச் சம்மதந்தானேம்மா?" என்று கேட்டார். அப்பா என்னையே பார்த்தார். தலையாட்டிவிட்டேன்.

உன்னை உள்ளறையில் ஒளித்து வைக்கிறவர்களுக்கு ஏனம்மா உழைக்க வேண்டும்? அங்கே யாராவது இருக்கிறானா? இருந்தால் சொல்லிவிடு. கொரியாக்காரனாக இருந்தாலும் ஞானஸ்நானம் கொடுத்துப் பார்க்கலாம்.

அம்மா


தேகு
12 நவம்பர் 2024

அம்மா,

யாரும் இல்லை. கொரியாக்காரனும் இல்லை.

அப்பாவிடம் வேண்டாம் என்று சொன்னேன். "டவர் இல்ல, அப்பறம் பேசு" என்று வைத்துவிட்டார். சாமியாரிடம் பேசினேன். "உங்க அம்மாதாம்மா சம்மதம்னாங்க. போன்ல பேசறது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க நேர்ல வந்து சம்மதமில்லன்னு சொன்னா நிறுத்திடறேன்" என்கிறார்.

இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் இங்கே என்னை வேண்டாம் என்கிறவர்கள்கூட என்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். அங்கே வேண்டும் என்கிறவர்கள் என்னைக் கேட்கவே இல்லை.

மூன்றாம் ஓலை டிசம்பர் எட்டு. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்களே, அதற்குள் சொல்லிவிடுவாயா? சொல்லாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை.

நான்சி


வெள்ளிமலை, கல்வராயன் மலை
16 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

சாமியாரைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. நான் போகும் இடமெல்லாம் அப்பா கூடவே வந்தார். இரண்டு ஞாயிறும் எழ நினைத்து உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் தேதி ஓலை வாசித்து முடித்ததும் எழுந்தேன். பக்கத்திலிருந்தவள், "இன்னா கூத்து இது, உக்காரு லூசி" என்று புடவையைப் பிடித்து இழுத்தாள். "எம்பொண்ணு ஒத்துக்கல சாமி. நான்தான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். அது பெரிய சத்தமாக வந்துவிட்டது.

கல்யாணம் நின்றது. மார்ட்டின் வீட்டார் பாதிப் பூசையிலேயே எழுந்து போனார்கள்.

வீட்டில் உன் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. என் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, பயப்படாதே.

இப்போது மலைமேல் உன் சித்தி வீட்டில் இருக்கிறேன். கை சேர்ந்ததும் இங்கே விடுதிப் பள்ளியில் சமையல் வேலை கேட்கலாம் என்கிறாள். குளிர் அதிகம்.

ஜனவரி டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் வீட்டைவிட்டுப் புறப்படும்போது உன் அப்பா சொன்னது காதில் விழுந்தது: "வரட்டும் அவ. பாஸ்போட்ட கொளுத்திட்டு அன்னிக்கே எவனையாவது தாலி கட்ட வெக்கிறேன்." அவர் போன் செய்வார். அழுவார், அவருக்கு அழத் தெரியும். உன் அம்மா சாகக் கிடக்கிறாள் என்பார். நம்பாதே.

ஒருநாள் அது உண்மையாகவே இருந்தாலும் வராதே.

உன் அம்மா
லூசி