உடையாத கண்ணாடி

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்பதாவது நாளாக விடாமல் மழை. மகளுக்கு, எங்கள் குட்டிக்கு, கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. நம்பாதவர்களுக்கு விரலைக் கடித்தே காட்டுகிறாள். எட்டு மாதத்தில் இவ்வளவு அதிகாரம்.

கொத்தனார் வந்து படுக்கையறையின் பின்சுவரைப் பார்த்தார். விரிசலை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவினார். அடியில் மண் ஊறிப்போயிருக்கிறதாம். ஒரு துண்டுக் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் வீட்டில் அதற்கா பஞ்சம்? மெல்லிய துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டி, மேலே கறுப்பு மையால் தேதி எழுதினார்.

“சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் இது உடைஞ்சிடும். உடைஞ்சா யோசிச்சுட்டு நிக்காதீங்க, வெளிய போயிடுங்க.”

“அன்னிக்கே அண்ணன் வீட்டுக்குப் போயிடணும், சரியாங்க?” என்றாள் இவள், என் பெண்டாட்டி. தலையாட்டினேன்.

நவம்பர் 17

காலையில் எழுந்ததும் இவளுக்கு அதுதான் முதல் வேலை. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்து, “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள்.

நவம்பர் 28, வியாழன்

உடைந்துவிட்டது.

நல்லவேளை, நான்தான் முதலில் பார்த்தேன். குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கோடு. இவள் குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் முகம்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. வீடு வாங்கும்போதே, “பழைய கட்டடம் மாப்பிள்ளை, நல்லா யோசிச்சுக்குங்க” என்றவர். யோசித்துவிட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன் நான். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்கவா?

மதியம் இவள் ஊசி போடக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போன நேரத்தில் கடையிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து மாற்றினேன். அதே தேதியை அதே மாதிரி எழுதினேன். வெறும் மயிரிழைதானே. மழை விட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

டிசம்பர் 8

குட்டி தவழ ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய சிவப்புப் பந்தை எங்கே வைத்தாலும் உருண்டு உருண்டு பின்சுவரிலேயே போய் முட்டுகிறது. அவளும் பின்னாலேயே போகிறாள். அம்மாவும் மகளும் ஒரே சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

மறுபடியும். இந்த முறை இரண்டாகவே.

மேசைக்குப் போடும் தடித்த கண்ணாடியை அறுத்து ஒட்டினேன். இது அவ்வளவு லேசில் உடையாது. அதே தேதியை மறுபடி எழுதினேன். இவள் இப்போதெல்லாம் துடைத்துப் பார்ப்பதில்லை, தூரத்திலிருந்து ஒரு பார்வைதான். என்னடா பண்ணிட்டிருக்க நீ?

டிசம்பர் 27

ஜன்னல் பக்கம் சாரல் அடிக்கிறது என்று இவள் தொட்டிலைப் பின்சுவரோரம் நகர்த்திவிட்டாள். “வேணாம்மா, அங்க ஈரமா இருக்கும்” என்றேன். “ஒண்ணரை மாசமா அந்தக் கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்ல. சும்மா பயப்படாதீங்க” என்றாள்.

தொட்டிலின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

ஜனவரி 3

கண்ணாடி உடையவில்லை. ஆனால் வலது முனையில் சிமெண்ட் சுவரை விட்டு விலகியிருக்கிறது. ஒரு காகிதம் நுழைகிறது.

ஜனவரி 8

சுண்டுவிரல் நகம் நுழைகிறது. அறைக் கதவு அடைக்க வரவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்கிறாள் இவள். ஆமாம் என்றேன். கடையில் இன்று மூன்று கண்ணாடிகளைத் தப்பாக அறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட வேண்டும். எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

நான் சொல்லவில்லை. குட்டி சொல்லிவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். தொட்டிலுக்குள் குட்டி கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள். முதல் தடவையாக, தானாகவே. இவள் கைதட்டிக்கொண்டே ஓடினாள். குட்டிக்குக் குஷி தாங்கவில்லை, எட்டிச் சுவரிலிருந்த கண்ணாடியைப் பிடித்தாள். அது முழுசாக அவள் கையோடு வந்துவிட்டது.

இவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் விரிசலுக்குள் இரண்டு விரல் போகும். மறுபடி கண்ணாடியின் ஓரத்தைத் தடவினாள். படச்சட்டம் போடுகிறவன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

“இது மேசைக் கண்ணாடி.”

நான் குட்டியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன்.

“எத்தனை தடவைங்க?”

“ரெண்டு.”

“தொட்டிலை நகர்த்தும்போதும் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். குட்டியை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு மழையோடு அண்ணன் வீட்டுக்கு இறங்கிப் போனாள். குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வாங்கவில்லை.

ஜனவரி 14

பிற்பகல் மூன்று மணிக்குச் சுவர் விழுந்தது. நான் கடையில் இருந்தேன். போய்ப் பார்த்தபோது தொட்டில் எது, செங்கல் எது என்று தெரியவில்லை. பந்து மட்டும் பின்தெருவுக்கு உருண்டு வந்து கிடந்தது. ஐயோ, அந்தத் தொட்டிலை நான் பிடித்துக் கொடுத்தேனே. இந்தக் கையாலதானே பிடிச்சேன்.

ஜனவரி 15

மச்சான் வந்து கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். “உயிர் இருக்குல்ல மாப்பிள்ளை, விடுங்க.” அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. இந்த மனிதருக்குப் பயந்துதானா?

பிப்ரவரி 2, ஞாயிறு

மழை நின்று நான்கு நாளாகிறது. குட்டி இன்று கையை விட்டுவிட்டு மூன்று அடி நடந்தாள். மச்சான் இனிப்பு வாங்கிவந்தார். இவள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

சாயங்காலம் குட்டியைக் குளிப்பாட்ட நான் தண்ணீர் விளாவி வைத்தேன். “சூடு சரியா இருக்கு, பார்த்துட்டேன்” என்றேன். “சரிங்க” என்றாள். பிறகு முழங்கையை விட்டுப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பார்த்துவிட்டுத்தான் குட்டியை இறக்கினாள்.