பிச்சை என்ற பெயர்

5.3.1979 திங்கள்
ஈப்போவில் கடும் வெயில். வரலாற்றில் பதிய வேண்டியது: காலை 8.10க்கு, இரண்டாவது கோப்பிக்கு முன், பிச்சை ஆகிய நான் தமிழ்வேந்தன் ஆகத் தீர்மானம். நாற்பது வயதில் பட்டாபிஷேகம். படிவம் வாங்கியாயிற்று. பிறப்புப் பத்திரம் வேண்டுமாம். நான் அதைப் பார்த்ததே இல்லை. அடையாள அட்டை எடுத்தது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதாவது கிராணியின் கடிதத்தை வைத்து.

ஆபீசில் எதிர்மேசைச் சின்னப்பன்: "வேந்தன்னா ராஜாதானே மச்சான்? கோலா கங்சார் அரண்மனைல ஏற்கனவே ஒருத்தரு இருக்காரு லா."

அவனுக்குப் பெயர் விளக்கம், இருபதாவது முறை. முன் பிறந்தவை தவறிப்போனால் அடுத்ததை அண்டைவீட்டாளிடம் கொடுத்து, பிச்சையாகத் திரும்ப வாங்குவார்கள். பிச்சை எடுத்த பிள்ளைதானே என்று எமன் விட்டுவிடுவானாம். எமன் அவ்வளவு கெட்டிக்காரன். சின்னப்பன் கொட்டாவி.

11.3 ஞாயிறு
செமோர். அம்மா இன்னும் பழைய தோட்ட லயத்து வரிசை வீட்டில். கொண்டுபோனவை: பிஸ்கட், தைலம், வெற்றிலை. பக்கத்து வீட்டு வேலம்மா அத்தை வாசலில். "வாங்க மருமவனே. ஈப்போல சோறு போடலியா, எலும்பா வாரீங்க?"

பேரை மாற்றப் போகிறேன் என்றதும் அம்மா அழுகை. பிறகு தகரப் பெட்டி, பத்திரம். தாயின் பெயர்: வேலம்மா.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். வேலம்மா.

"நான் குடுத்து வாங்கலடா. எனக்கு மூணும் போச்சு. அவளுக்கு நாலு பொண்ணுக்கு அப்புறம் நீ. முந்தானைய விரிச்சுக் கேட்டேன், போட்டுட்டா. பேரு மட்டும் பிச்சைன்னு இருக்கணும்னா. வேற ஒண்ணும் கேக்கல."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"லயத்துல எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

வெளியே வந்தால் அத்தை. "என்ன மருமவனே, பேயறைஞ்ச மாதிரி?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தேன். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

12.3 திங்கள்
மழை. படிவத்தைக் கிழித்தேன். சின்னப்பன்: "ராஜினாமாவா ராஜா?" சிரிப்பு வரவில்லை. செய்ய வேண்டியவை: குடை. அடுத்த ஞாயிறு செமோர். அத்தையிடம் என்ன சொல்வது?

18.3 ஞாயிறு
போகவில்லை. தலைவலி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

29.3 வியாழன்
தந்தி. வேலம்மா அத்தை, நேற்று மாலை. உடனே செமோர். கொள்ளிக்கு ஆளில்லையே என்று லயத்தில் யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வைத்தேன். மொட்டையும்.

2.4 திங்கள்
விடுப்பு மனு திரும்பி வந்தது. நிராகரிப்பு. அத்தை நெருங்கிய உறவு அல்ல.