அந்த ஒரு சொல் பிழை என்று நீ சொன்னாய்

இன்று காலை அலுவலகத்தை மேல்மாடிக்கு மாற்றினோம். பழைய அலுமாரியை ஒதுக்கும்போது கீழ்த்தட்டில் உன் தாள்கள் இருந்தன. நாற்பது பக்கம் வரும். ஓரமெல்லாம் உன் பென்சில் எழுத்து. நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். மற்றவர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள்.

திரையில் வாசித்தால் கண் எரிகிறது என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் மூலக்குறியீட்டை அச்சடித்து வாசித்த ஆள், எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான்.

இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ கண்டாவளையிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் ஜெயபுரம் வீட்டை விட்டு வந்து கிளிநொச்சி டவுனில் அறை எடுத்திருந்தேன். உன் சோற்றுப் பெட்டியில் எனக்கென்று எப்போதும் ஒரு பொரித்த மீன் துண்டு இருக்கும். பிறகு என்னைக் குழுவுக்குப் பொறுப்பாக்கினார்கள். மீன் துண்டு நிற்கவில்லை. நான்தான் கொஞ்சம் மாறிப்போனேன்.

எங்கள் குழு செய்தது, குளங்களின் நீர்மட்டத்தை அளந்து ஊராரின் தொலைபேசிக்கு அனுப்பும் கருவி. அதன் நிரலை ஓட்டியது அந்த எஞ்சின்தான். மூன்று நான்கு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு திடீரென்று நின்றுவிடும். மாரி மழை நெருங்கிக்கொண்டிருந்தது. குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தில் கருவி நின்றால், கீழே தாழ்வில் குடியிருப்பவர்களுக்கு யார் சொல்வது? நிரல் நின்றுபோகும் இடம் ஒவ்வொரு முறையும் நீ எழுதிய பகுதியாக இருந்தது.

நீ உன் பகுதியை வரி வரியாகப் பார்த்தாய். பிழை இல்லை. அதன் பிறகுதான் எஞ்சினுக்குள்ளேயே இறங்கினாய். அங்கே ஒரு கோப்பில், எஞ்சின் கையாளும் ஒவ்வொரு பொருள் வகையும் வரையறுக்கப்பட்டிருந்தது. எந்த வகை எதிலிருந்து பிறக்கிறது, அதற்குள் என்னென்ன புலங்கள், எந்த வரிசையில், ஒவ்வொன்றிலும் இருப்பது வெறும் எண்ணா, இன்னொரு பொருளின் முகவரியா. அந்த வரையறையை நம்பித்தான் எஞ்சின் தன் நினைவகத்தைத் துப்புரவு செய்யும். முகவரி என்று எழுதியிருந்தால் அங்கே போய்ப் பார்த்து, அந்தப் பொருள் தேவை என்று விட்டுவைக்கும். எண் என்று எழுதியிருந்தால் திரும்பியும் பாராது. தேவையான பொருளும் அழிந்துபோகும்; பிறகு அதைத் தேடும் இடத்தில் நிரல் நின்றுவிடும். உன் பகுதி பாவிக்கும் ஒரு பொருள் வகையில், முகவரி இருக்க வேண்டிய புலத்துக்கு எண் என்று எழுதியிருக்கிறார்கள் என்றாய் நீ. ஒரே ஒரு சொல்.

அன்று கூட்டத்தில், ஏழு பேர் முன்னால், நான் சொன்னது உனக்கு மறந்திராது.

"உலகம் முழுக்க இதைப் பாவிக்கினம். கிளிநொச்சியில இருந்து நீ ஒருத்தி பிழை கண்டுபிடிச்சிட்டாய், என்ன? முதல்ல உன்ர நிரலைத் திருத்து."

யாரோ சிரித்தார்கள். நீ தாள்களை அடுக்கியபடி மெதுவாகச் சொன்னாய்: "கிளிநொச்சியில இருந்து பாத்தாலும் அதே எழுத்துத்தான்டி தெரியும்."

அடுத்த நாளும் மீன் துண்டு இருந்தது. நான் பசியில்லை என்றேன்.

அந்தக் கிழமையே உனக்குக் காய்ச்சல். டெங்கு என்று ஆசுப்பத்திரியில் வீட்டுக்கு விடாமல் மறித்துவிட்டார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வந்து மாறியிருந்தது. உனக்கும் மாறும் என்று இருந்துவிட்டேன். கட்டிலில் கிடந்தபடி நீ குறுஞ்செய்தி அனுப்பினாய். "அந்தக் கோப்பைப் பாத்தனியோ?" நான் பதில் போட்டேன்: "நாளைக்குப் பாக்கிறன். நீ முதல்ல சுகமாகு." மறுநாளும் கேட்டாய். மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாள் செய்தி வரவில்லை. மத்தியானம் உன் தம்பி அழைத்தான். கதைக்க முடியாமல் அழுதான்.

உன் செத்தவீடு முடிந்து நான்காம் நாள் அந்தக் கோப்பைத் திறந்தேன். நீ சொன்ன வரி, நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. பார்த்து விளங்கிக்கொள்ள எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சொல்லை மாற்றிக் கருவியை ஓடவிட்டேன். வழமையாக நிற்கும் நான்காம் நாளும் ஓடியது. ஐந்தாம் நாள் ஓடியது. பத்தாம் நாளும் ஓடிக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திருத்தத்தை உன் பெயரில் எஞ்சினை எழுதியவர்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. முகம் தெரியாத ஒருவர், எங்கோ வெளிநாட்டில். இத்தனை காலம் இது யார் கண்ணிலும் படவில்லை, மிகவும் நன்றி, நேரமிருந்தால் மற்ற வகைகளையும் ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா என்று உன்னைக் கேட்டிருந்தார். உன்னை. அவருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு முழுப் பகல் எடுத்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு கண்டாவளைக்குப் போனேன். உன் அம்மா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருத்தி, நீ கடைசியாகச் செய்த வேலை என்னவென்று கேட்டார்.

"உள்ளுக்க இருக்கிற ஒவ்வொரு சாமானும் என்ன வகை, அதுக்குள்ள என்ன இருக்கு எண்டு எழுதிவைக்கிற இடம் ஒண்டு இருக்கம்மா. அதில ஒரு சொல் பிழையாக் கிடந்தது. ஒருத்தருக்கும் தெரியேல்லை. இவள்தான் கண்டுபிடிச்சவள்."

"அப்ப அவளின்ர பிழை இல்லையோ?"

"இல்லையம்மா. அவள்தான் சரி."

அம்மா நெல்லைக் கையால் அளைந்துகொண்டே இருந்தார். "ஆசுப்பத்திரியில அதையேதான் சொல்லிக்கொண்டு கிடந்தவள். 'அவள் பாப்பாளம்மா, பாத்தா அவளுக்கு விளங்கும்' எண்டு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீ அவளுக்குச் சொன்னனியோ பிள்ளை? அவள்தான் சரி எண்டு?"

"ஓம் அம்மா. சொன்னனான்."

"அது காணும் பிள்ளை, அது போதும்" என்றார். எழும்பி எனக்குத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார்.

இப்போதும் அம்மா இடைக்கிடை தொலைபேசியில் எடுப்பார். எங்கு தொடங்கினாலும் கதை அங்கேதான் வந்து நிற்கும். "நீ சொன்னது அவளுக்குப் பெரிய ஆறுதலா இருந்திருக்கும், என்ன பிள்ளை?" என்பார். நானும் ஓம் அம்மா என்பேன். அந்தப் பொய்யை அவரிடம் மாற்றிச் சொல்லும் துணிவு எனக்கு இந்தப் பிறவியில் வராது. உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். நீ கேட்ட அந்த இரண்டு நாளும் நான் கோப்பைத் திறக்கவேயில்லையடி. பிழை உன்னுடையதில்லை. நீதான் சரி.