உம்மாவின் உப்புத் தேத்தண்ணி

மாம்புரி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட கையோடு

என் தங்கச்சி ஹாஜரா பெற்ற ஒரே மகனும், தற்சமயம் என் கோபத்துக்கு முழு உரிமைக்காரனுமாகிய மருமகன் நௌஃபருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு, ஹயாத்தோடு இருக்கிறோம். சுகத்தோடா என்று கேட்காதே. அதைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன்.

போன் இருக்க மாமா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். நீ என் நம்பரை ப்ளொக் பண்ணி வைத்திருப்பது எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கற்பிட்டி வரைக்கும் நடந்த மாமாவை, ஒரு விரலால் தட்டி வெளியே போட்டாய். பரவாயில்லை. நம்முடைய றிஸ்கான் லீவு முடிந்து நாளைக்குக் கட்டாருக்குத் திரும்புகிறான். இதை அவன் கையிலேயே தருகிறேன். நீ கடைசி வரி வரைக்கும் வாசித்து முடிக்காமல் இடத்தை விட்டு அசையக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய உடம்பு உனக்குத் தெரியும்.

ப்ளொக் பண்ணுமளவுக்கு நான் என்ன சொன்னேன்? நீ காசு அனுப்பி உம்மாவின் வளவில் அடித்த குழாய்க் கிணறு பிழை என்றேன், அவ்வளவுதானே? அதற்கு நீ, தண்ணி எங்கேயும் தண்ணிதானே மாமா, வண்ணாத்திவில்லில் என் மாமனார் எவ்வளவோ ஆழத்துக்கு அடித்துக் கற்கண்டு மாதிரி எடுக்கிறார், நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்ற ஆள், உங்களுக்கு இதெல்லாம் விளங்காது என்றாய். ஓம், எட்டாம் வகுப்போடு நின்றேன். பள்ளிக்கூடத்தை விட்டதில் எனக்குக் கவலையில்லை, பள்ளிக்கூடத்துக்குத்தான் கவலை. நான் போன பிறகு ஹெட்மாஸ்டர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அப்போது ஊரெல்லாம் கதை. கமத்தொழில் கந்தோரில் நான் எழும்பி நின்று கேட்ட கேள்விக்கு ஒரு பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்தே கூட்டத்தை முடித்தார். அதை விடு.

தண்ணி எங்கேயும் தண்ணி என்றால் ஒரு வேலை செய். வண்ணாத்திவில்லுக் குளத்து விராலைப் பிடித்து நம்முடைய உப்புக் களப்பில் விட்டுப் பார். அஸருக்கு முன்னால் வயிறு மேலே வந்து மிதக்கும். களப்பு ஓரா மீனைக் கொண்டுபோய் அந்தக் குளத்தில் விடு, அதற்கும் அதே கதிதான். அங்கே முந்திரி தானாக முளைக்கிறது, இங்கே அதைத் தொட்டிலில் போட்டு ஆட்டினாலும் வராது. கண்டல் மரம் உப்புச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும், அதுவே மழை பொய்த்துக் களப்பு கொதித்து உப்பு ஏறினால் கருகிப் போகும். இந்த வருஷம் உச்சமுனையில் நம்முடைய அஹமட் வலையைத் தூக்கினால் பாசிதான் வருகிறது. மீனுக்கும் மரத்துக்கும் விளங்கினது டிப்ளோமா படித்த உனக்கு விளங்கவில்லை.

உன் மாமனாருடைய ஊர் கல்லு ஊர். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல், அந்தக் கல்லுக்குள்ளே பழைய காலத்துத் தண்ணி. ஆழம் போனால் கிடைக்கும். நம்முடையது மணல். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், நடுவில் நாம். பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே நிற்கிறது. மீன் ஆணத்தில் குழம்புக்கு மேலே எண்ணெய் நிற்குமே, அந்த மாதிரி. அகப்பையால் மெல்ல மேலாக அள்ளினால் எண்ணெய், அடியில் விட்டுக் கிண்டினால் ஆணம். அதனால்தான் மாம்புரியில் எவனும் ஆழக் கிணறு வெட்டுவதில்லை. அகலமாக வெட்டுவான், கொஞ்சம் இறைப்பான், ஊற விடுவான். நீ என்ன செய்தாய்? சிலாபத்தில் குழாய் அடிக்கிற கில்பட்டைப் பிடித்து, நேராகக் கடலுக்குள்ளே குழாயை இறக்கி, யானை குடிக்கிற மாதிரி ஒரு மோட்டரையும் வைத்தாய். திறப்பு விழாவுக்கு நாடா வெட்டினது நான்தான், அது வேறு விஷயம். கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்.

முதல் மாதம் நல்ல தண்ணி வந்தது. பிறகு உப்புக் கரிக்கிற சவர். இப்போது வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறது. மிளகாய்க் கன்று ஒன்றும் மிச்சமில்லை. தென்னை ஓலையின் ஓரம் நெருப்புக் காட்டின மாதிரி. வேலிப் பக்கம் கத்துகிற தவளைகள்கூட வீடு மாறிவிட்டன. வேலிக்கு அப்பால் சித்தி மரியத்தின் கிணறும் உப்பாகிவிட்டது, அவள் என்ன பாவம் செய்தாள்? வேலியில் நின்று உன் உம்மாவைப் பார்த்து, உன் மகன் கட்டாரில் இருந்து கடலை எங்கள் வளவுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறான் என்று கத்தினாள். கத்தினாலும் நல்ல மனுஷி, பள்ளிவாசல் குழாயில் ஒரு குடம் நல்ல தண்ணி பிடித்து மகள் கையில் கொடுத்துவிட்டாள். உன் உம்மா வாங்கவில்லை. என் மகன் எனக்குக் கிணறு போட்டுத் தந்திருக்கிறான், ஊராருடைய தண்ணி எதற்கு என்று குடத்தைத் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை.

நேற்று நான் போனேன். தேத்தண்ணி தந்தாள். ஒரு மிடறு குடித்தேன், நௌஃபர். உப்பு. சீனி அள்ளிப் போட்டும் அடங்காத உப்பு. என்ன இது என்று கேட்டேன். நானாவுக்கு வாய் சரியில்லை, குடியுங்கள் என்றாள். தானும் ஒரு கோப்பை எடுத்து என் முன்னாலேயே முழுவதையும் குடித்துக் காட்டினாள். அவளுக்குப் பிரஷர் என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் உப்பைக் குறை என்றார்களாம். கறிக்கு ஒரு துளி உப்புப் போடுவதில்லை என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கறி எந்தத் தண்ணியில் வேகிறது என்று நான் கேட்கவில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. உனக்கு வொய்ஸ் மெசேஜில் தண்ணி தேன் மாதிரி மகன் என்று அனுப்புகிறாளே, அந்தக் காலோடு கதிரையில் உட்கார்ந்துதான் அனுப்புகிறாள்.

இதற்குள் நீ, இன்னும் ஆழம் போனால் நல்ல தண்ணி வரும் என்று கில்பட்டுக்கு இரண்டாவது குழாய்க்கும் சொல்லிவிட்டாய். புதன்கிழமை மெஷின் வந்தது. நான் லொறிக்கு முன்னால் தரையில் நீட்டிப் படுத்துவிட்டேன். கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று சிலர் உனக்குச் சொல்லுவார்கள், நம்பாதே. கில்பட் நல்லவன்தான். அங்கிள், எனக்கு உங்களோடு கோபமில்லை, வேலை சொன்ன மஹத்தயா உங்கள் மருமகன்தானே, அவர் கட்டாரில் இருக்கிறார், அவர் வேண்டாம் என்றால் இப்போதே திருப்பிக்கொண்டு போகிறேன் என்றான். திங்கட்கிழமை திரும்ப வருவான். நான் மறுபடி படுப்பேன், ஆனால் இந்த வயதில் எத்தனை தரம் படுப்பது? உன் உம்மா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை மணலில் ஊற்றினான். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

இவ்வளவும் கோபத்தில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

நேற்றே அவளைக் கையைப் பிடித்துக் கேட்டேன். அந்த மோட்டரை நிறுத்து ஹாஜரா, குழாயை மூடு, பழைய கிணற்றைத் திற, நாலு மாரி பெய்தால் மணல் தானாகச் சரிவரும் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். உன் வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ணினபோது உனக்கு வர லீவு கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அந்த மோட்டர் வந்தது. விடியற்காலை பஜ்ருக்குப் பிறகு அதைப் போட்டுவிடுவாளாம். அந்தச் சத்தம் வந்ததும், மகன் எழும்பிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு அடுப்பை மூட்டுவாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு எட்டாம் வகுப்பும் மறந்துபோயிற்று.

ஆகவே மகன், கில்பட்டுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல். பிறகு உம்மாவுக்கு எடு. உப்பைப் பற்றி அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம், அவளுக்கு எல்லாம் தெரியும். என்ன சமைத்தீர்கள், கால் எப்படி, சித்தி மரியத்தோடு கதைத்தீர்களா என்று கேள். நாளைக்கும் எடு, நாளன்றைக்கும் எடு, பஜ்ர் முடிந்தவுடனே எடு. உன் சத்தம் அந்த வீட்டுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, உம்மா, அந்த மோட்டரை நிப்பாட்டுங்க என்று நீயே உன் வாயால் சொல். வேறு யார் சொன்னாலும் அவள் நிறுத்தமாட்டாள்.

ஷஃபீனாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அந்தப் பாலைவனத்தில் அல்லாஹ் உன் தாகத்தைத் தீர்த்து வைப்பானாக. உன் உம்மாவுடைய தாகத்தை உன் கையால் தீர்க்க உனக்கு அவகாசமும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
நீ ப்ளொக் பண்ணினாலும் துஆவை நிறுத்தாத
மாமா பதுர்தீன்