ஆறு மணிக்கு லைன் பிஸி

ஆறு மணியானால் நாற்காலியை விட்டு நகராத என் அன்பு அப்பாவுக்கு,

சுங்கை பினாங் வீட்டுக்குப் புது இணையப் பெட்டி வந்துவிட்டது. இரண்டு கணினிகளை இதிலேயே மாட்டலாம், இணையத்தில் இருக்கும்போதே போனும் பேசலாம். உங்கள் மோடத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அது போட்ட கூச்சலுக்கு, பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் சந்தோஷப்பட்டார்.

அந்த மோடத்தை யாருக்காக வாங்கினீர்கள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நாலு பேரைப் பிடித்து நீங்கள் வாங்கிக் கொடுத்த துறைமுக வேலையை உதறிவிட்டு அண்ணன் டொராண்டோ போனதிலிருந்து, உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. போன் பண்ண ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அவனுடைய மின்னஞ்சல் முகவரியை என்னிடம் ஏதோ வேண்டாத விஷயம் போலக் கேட்டு வாங்கி, "சுகமா?" என்று ஒரே வார்த்தை அனுப்பினீர்கள்.

துறைமுக அலுவலகத்தில் பதிவுத் தபாலோடு காலம் தள்ளியவர் நீங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் மின்னஞ்சலும் திரும்பிப் போய்விடும் என்று நம்பினீர்கள்.

"அப்படிலாம் போகாதுப்பா. எப்ப தொறந்தாலும் இருக்கும் லா."

"வர்ற நேரத்துல லைன் கட்டா இருந்தா யாரு பொறுப்பு?"

அவன் எழுந்து வேலைக்குப் புறப்படும் நேரம் இங்கே மாலை ஆறு. தினமும் அப்போது மோடத்தைப் போட்டு, இருட்டும்வரை அதன் சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "அவனுக்கு இன்னும் கோவம் தீரல," என்று ஒரு நாள் சொன்னீர்கள். மறுநாளும் போட்டீர்கள். அந்த வாரமே மாரடைப்பு வந்து எல்லாம் முடிந்தது.

காரியத்துக்கு வந்த அண்ணன் சொன்னான்: "அந்த 'சுகமா?'வப் பாத்ததும் பதில் எழுத மனசு வரல. பேசணும்னு தோணுச்சு. வேலைக்குப் போறதுக்கு முந்தி தினமும் வீட்டுப் போனுக்குக் கோல் அடிச்சேன், எங்கேஜ். கோவம்னா அப்பா ரிசீவர எடுத்துக் கீழ வச்சிருவாரே, அதான்னு நெனச்சேன்."

அவனைக் குறை சொல்ல முடியுமா? அந்த வழக்கம் நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. உங்கள் பிள்ளைதானே.

மோடத்தைக் காட்டினேன். "போன் லைன் இதுலதான் இருந்துச்சு, இத போட்டா கோல் உள்ள வராது. ஒன் பதிலுக்குத்தான் ஒக்காந்திருந்தாரு."

"தினமுமா?"

"தினமும்தான்."

எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது, உங்கள் இருவர் மேலும். அடுத்தவருக்கு எது தோது என்று யோசித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தைப் பிடித்திருக்கிறீர்கள்.

நேற்று நான் கணினியில் இருந்தபோது போன் மணி அடித்தது. அண்ணன்.

"நெட்டுல இருக்கியா?"

"இருக்கேன்."

"கோல் வருதே."

"இப்ப வரும்ணே."

அதற்குப் பிறகும் வெகு நேரம் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

அவனுக்குக் கோபம் இருக்கவில்லை, அப்பா. உங்களுக்கும் இல்லை என்பதை அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல இந்தக் கடிதம்தான் வழி. இனி அவன் எப்போது அடித்தாலும் எடுப்பேன்.

இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற உங்கள் மகள்,
கலா