சாராளின் ஜெபம்

ஆவணி, செவ்வாய் இரவு.

என் பதினான்கு வயது மகள் சாராள் ஞாயிறு முதல் என்னோடு பேசவில்லை. இன்றும் குடும்ப ஜெபத்தில், முரட்டுப் பிள்ளைகளைத் திருத்தும்படி ஆண்டவரிடம் விரிவாக மன்றாடினேன். பெயர் சொல்லவில்லை, வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை.

அடுத்து அவள் முறை. "ஆண்டவரே, நைனா மூணு நாளா என்னைப் பத்தி உம்மகிட்டயே சொல்லினு கீறாரு. இன்னா கோவம்னு எங்கிட்ட கேக்கச் சொல்லும்."

என் மனைவி உரக்க ஆமென் சொன்னாள்.

கேட்டேன். ஞாயிறு ஆராதனையில் அவள் சங்கீதம் பாடியதை, கோட்டையில் இருக்கும் ஒல்லாந்து தேசத்து டச்சுக்காரர் முன்னால் தவளைக் கத்தலுக்கு ஒப்பிட்டேனாம். உண்மைதான். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பாடினா நாரைங்க ஏரி தாண்டி பசியாவரம் ஊருக்கே பறந்துடுது, நைனா!" என்று சிரித்தாள்.

இப்போது அடுத்த அறையில் பாடுகிறாள். சுருதி சேரவில்லை. என் இறகுப் பேனா கீச்சிடுகிறது. அதைக் கேட்டு அவள் நிறுத்திவிடக் கூடாது. பேனாவை வைத்துவிடுகிறேன்.