கியோமி அக்காவின் பெயர் இல்லாத படம்

அன்புள்ள கியோமி அக்கா,

இங்கே டுசல்டோர்ஃபில், நீங்கள் இருந்த எதிர்வீட்டுக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். உங்கள் கடைசிப் படத்தைப் போன சனிக்கிழமை இங்கே திரையிட்டார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தோக்கியோவில் ஒரு ஸ்டூடியோவில், மற்றவர்கள் எழுதிய வசனங்களைப் படியெடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தீர்கள். நீங்களே எழுதத் தொடங்கிய பிறகும் திரையில் இயக்குநரின் பெயர்தான் வந்தது. உங்கள் பெயர் தனியாக வந்தபோது உங்களுக்கு நாற்பது வயது. “அன்றைக்குப் படத்தைப் பார்க்கவே இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். பிறகு முப்பது வருடம் எழுதினீர்கள். மகளோடு இருக்க இங்கே வந்தும் விடவில்லை.

என் தம்பியைப் பற்றி உங்கள் சமையலறையில்தான் சொன்னேன், நம் இருவருக்கும் பொதுவான அரைகுறை ஜெர்மனில். அகதியாக இங்கே வரும் வழியில், எல்லையில் ஓர் ஆற்றைக் கடக்கும்போது அவன் காணாமல் போனான். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, தம்பிக்காகக் காத்திருக்கும் ஓர் அக்காவைப் பற்றிப் படம் எழுதியிருப்பதாகச் சொல்லிக் கடைசிக் காட்சியை வாசித்துக் காட்டினீர்கள். அதில் அந்தத் தம்பி வந்து சேர்கிறான்.

“வராதவனை ஏன் வர வைத்தீர்கள்?” என்று கத்தினேன்.

“அந்தக் காட்சியை எடுத்துவிடச் சொல்கிறேன்” என்றீர்கள்.

இயக்குநர் மறுத்துவிட்டார். “அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்று எழுதிக் கொடுத்தீர்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தப் பெயருக்காக எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று அப்போது நான் நினைக்கவில்லை. பிறகு மாடிப்படியில் கண்டால் தலையாட்டுவதோடு சரி. குளிர்காலத்தில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்; உயிரோடு திரும்பவில்லை. நான் வந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கதையை முன்பே சொல்லவில்லை. கீழே ஓடிய ஜெர்மன் எழுத்தை அவர் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பனி கொட்டும் ஸ்டேஷனில் அந்தத் தம்பி இறங்கியதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“வந்திட்டான் பிள்ளை. பாத்தியே, வந்திட்டான்.”

“அது படம், அம்மா.”

“எனக்குத் தெரியாதே? தெரிஞ்சுதான் பாக்கிறன். ஒருக்காலாவது வரட்டுமே.”

பெயர்கள் மேலே போகத் தொடங்கின. ஒளிப்பதிவாளர், தையல்காரர், கார் ஓட்டியவர், எல்லாரும் போனார்கள்.

“ஆர் இதை எழுதினது?” என்று அம்மா கேட்டார்.

“எங்கட எதிர்வீட்டில இருந்த அக்கா.”

“அவவின்ர பேர் எங்க?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், அக்கா?

உங்கள் மகளோடு சேர்ந்து படநிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். “கியோமி அக்காவின் பெயரை எடுக்க வைத்தது நான்தான், தயவுசெய்து திரும்பப் போடுங்கள்” என்று எழுதினேன். இன்னும் பதில் இல்லை. அவர்கள் போடும்வரை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

உங்களைப் பார்க்க வராத தங்கை,
மாலதி